கூட்டினால் 124 வரமாட்டேன் என்கிறது: தனிமக் குறியீட்டுச் சொற்புதிரில் எங்கே இடறல்?

கட்டம்நிரப்பி (கேள்வி)

கணக்கும் வேதியியலும் கலந்த சொற்புதிர் இது. ஒவ்வொரு குறிப்பிலிருந்தும் ஒரு தனிமத்தைப் பிடிக்க வேண்டும். அவற்றின் குறியீடுகளை வரிசையாக எழுதினால் ஏழெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று வரும்.

1) என் அணு எண், முதல் 5 இயல் எண்களின் கூடுதல்.
2) என் அணு எண் பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை.
3) என் நிறை எண் 11ஆவது பிபனாச்சி எண். நியூட்ரான் 50.
4) நான் 3ஆம் தொடர், 4ஆம் தொகுதி.
5) என் அணு எண் 10ஆவது பிபனாச்சி எண்.
சரிபார்ப்பு: ஐந்து அணு எண்களின் கூடுதல் 124.

முதலாவது 15, பாஸ்பரஸ். இரண்டாவது 1, ஹைட்ரஜன். மூன்றாவதுக்குப் பிபனாச்சி வரிசையை (முந்தின இரண்டு எண்ணின் கூடுதலே அடுத்த எண்) 0, 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று எண்ணினேன், 11ஆவது 55. நிறை எண் என்பது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்தது; அதில் 50 போக புரோட்டான் 5, அதுவே அணு எண், போரான். ஐந்தாவது 34, செலினியம். நான்காவதற்குத் தனிம அட்டவணையைப் பார்த்தால் 3ஆம் தொடரில் (கிடை வரிசை) 4ஆம் தொகுதி (செங்குத்து வரிசை) என்ற கட்டமே காலி. சரி, கூடுதலிலிருந்து பின்னால் வருவோம் என்று 124இல் மற்ற நான்கையும் (15, 1, 5, 34) கழித்தேன். 69 வந்தது, தூலியம். அது லாந்தனைடு, 3ஆம் தொடர்ப் பக்கமே வராது. பி-எச்-பி-டிஎம்-எஸ்இ. எண்ணிப் பார்த்தால் ஏழெழுத்து சரியாக இருக்கிறது, சொல்தான் இல்லை!

(ஆங்கில எழுத்துகளை ஒலிப்பெயரால் எழுதியிருக்கிறேன். ஒரே குறியீட்டின் இரண்டு எழுத்தை ஒட்டியும், அடுத்த குறியீட்டுக்கு முன் கோடு போட்டும் எழுதுகிறேன். சிலிக்கான் என்றால் எஸ்ஐ. கந்தகமும் அயோடினும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எஸ்-ஐ. பாஸ்பரஸும் போரானும் தமிழில் ஒரே 'பி' ஆகிவிடுவதால் குழப்பம் வரும் இடத்தில் தனிமப் பெயரையே சொல்லிவிடலாம்.)

---

வெள்ளைப்பலகை

முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் இடறியிருக்கிறீர்கள், ஐந்தாவது அதோடு சேர்ந்து விழுந்திருக்கிறது. நான்காவது தனி நோய்.

பிபனாச்சியில் 'இத்தனையாவது' என்று கேட்டாலே முதலில் வர வேண்டிய சந்தேகம் எங்கிருந்து எண்ணுவது என்பது. 0, 1, 1, 2 என்று தொடங்குகிறவர்கள் உண்டு; 1, 1, 2 என்பவர்கள் உண்டு; 1, 2, 3 என்று போடும் பழைய புத்தகங்களும் உண்டு. 11ஆவது எண் முறையே 55, 89, 144. கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. புதிர் போட்டவர் அதற்காகத்தான் நியூட்ரான் எண்ணிக்கையைக் கொடுத்திருக்கிறார்.

55 என்றால் 5 புரோட்டான், 50 நியூட்ரான். இயற்கையில் கிடைக்கும் போரானில் நியூட்ரான் 5 அல்லது 6. ஐம்பது நியூட்ரானை ஐந்து புரோட்டான் கட்டி வைக்க முடியாது. அப்படி ஒரு அணுக்கரு கிடையாது. 144 என்றால் 94 புரோட்டான், 50 நியூட்ரான். இது தலைகீழ்த் தவறு. அணு கனமாக ஆக நியூட்ரான் பங்கு ஏறிக்கொண்டே போக வேண்டும். ஈயம்-208இல் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான். கனமான தனிமத்தில் நியூட்ரானை விடப் புரோட்டான் கூடுதலாக வந்தாலே கணக்கு தப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மிஞ்சுவது 89. 89 − 50 = 39, யிட்ரியம், ஒய். இயற்கையில் யிட்ரியத்துக்கு இருப்பதே அந்த ஒரே ஐசோடோப்புதான், நிறை எண் 89. கச்சிதமான குறிப்பு.

ஆக இந்தப் புதிர் 1, 1, 2 என்று எண்ணுகிறது. ஐந்தாவதிலும் அதே கணக்கைப் பிடியுங்கள்: 10ஆவது எண் 55, சீசியம், சிஎஸ். ஒரே புதிருக்குள் எண்ணும் முறை மாறாது. ஒரு குறிப்பில் உறுதியானால் மற்றதற்கும் அதுவே.

நான்காவது: உங்கள் அட்டவணை 1 முதல் 18 வரை தொகுதி எண் போட்டது. அது 1980களின் கடைசியில் வந்த முறை. அதில் 3 முதல் 12 வரையான தொகுதிகள் 4ஆம் தொடரில்தான் தொடங்கும். 3ஆம் தொடரில் மெக்னீசியத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே வெறும் இடைவெளி. பழைய முறையில் ரோமன் எண்ணும் ஏ, பி என்ற பிரிவும் இருந்தன. அதன்படி நான்காம் தொகுதி 'ஏ' என்பது இன்றைய 14ஆம் தொகுதி, அதாவது கார்பன் குடும்பம். 3ஆம் தொடரில் அது சிலிக்கான், அணு எண் 14. காலியான கட்டத்தைக் குறிப்பு சுட்டினால் பழைய எண்ணோ என்று சந்தேகப்படுங்கள். சந்தேகமே வேண்டாம் என்றால் வெளிக்கூட்டு எலக்ட்ரானை எண்ணுங்கள்: 2, 8, 4.

15 + 1 + 39 + 14 + 55 = 124. பி-எச்-ஒய்-எஸ்ஐ-சிஎஸ். பிசிக்ஸ்!

---

பகாஎண்

வெள்ளைப்பலகை சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்த 124 இல்லாமல் இந்தப் புதிரை எதிர்த்திசையில், அதாவது சொல்லைக் கொடுத்து எண்ணைக் கேட்டிருந்தால் ஆளுக்கொரு விடை வந்திருக்கும். பிசிக்ஸ் என்ற சொல்லைக் குறியீடுகளாக நான்கு விதமாக உடைக்கலாம்.

எத்தனை விதம் என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. சொல்லை எழுதி, ஒவ்வொரு எழுத்தின் கீழும் 'இதுவரை எத்தனை வழி' என்று குறித்துக்கொண்டே போகணும். ஓர் எழுத்து தனியாகவே குறியீடு என்றால் முந்தின எழுத்தின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின எழுத்தோடு சேர்ந்தும் குறியீடு ஆகும் என்றால் அதற்கும் முந்தின எழுத்தின் எண்ணைக் கூட்டுங்கள். இரண்டும் இல்லை என்றால் பூஜ்யம்.

பி: 1. எச்: தனியாக ஹைட்ரஜன், பிஎச் என்று தனிமம் இல்லை, ஆக 1. ஒய்: 1. எஸ்: 1. அடுத்து ஐ: தனியாக அயோடின், அதற்கு 1, எஸ்ஐ சேர்ந்து சிலிக்கான், அதற்கு 1, மொத்தம் 2. சி: கார்பன் மட்டும்தான், ஐசி இல்லை, ஆக 2. கடைசி எஸ்: தனியாகக் கந்தகம், 2, சிஎஸ் சேர்ந்து சீசியம், அதற்கும் 2, மொத்தம் 4.

நான்கு கூடுதலையும் போட்டுவிடலாம். முதல் மூன்றும் மாறாதவை: 15 + 1 + 39 = 55. நடுவில் சிலிக்கான் என்றால் 14, கந்தகமும் அயோடினும் என்றால் 16 + 53 = 69. கடைசியில் சீசியம் என்றால் 55, கார்பனும் கந்தகமும் என்றால் 6 + 16 = 22. இவற்றைக் கலந்தால் 91, 124, 146, 179. நான்கும் வெவ்வேறு எண்கள், அதனால் 124 என்று கொடுத்ததுமே ஒரே விடை உறுதி ஆகிறது. குறியீட்டு எண்ணிக்கையை மட்டும் கொடுத்திருந்தால் ஆகாது. ஆறு குறியீடு வரும் உடைப்பு இரண்டு இருக்கிறது (91, 179).

ஒரு வேடிக்கை: எல்லா எழுத்தும் தனியாகவும் எல்லா ஜோடியும் குறியீடாகவும் அமைந்தால் அந்த எண்கள் 1, 2, 3, 5, 8 என்று பிபனாச்சியாகவே ஏறும், ஏழெழுத்துக்கு அதிகபட்சம் 21 வழி. அதற்கு மேல் ஒருபோதும் போகாது.

இன்னொன்று, 55 என்பது 10ஆவது பிபனாச்சி எண் மட்டுமில்லை, 10ஆவது முக்கோண எண்ணும் அதுதான் (1 முதல் 10 வரை கூடுதல்). ஐந்தாவது குறிப்பை 'இரண்டு வரிசையிலும் 10ஆவது நானே' என்று எழுதியிருந்தால் எங்கிருந்து எண்ணுவது என்ற பேச்சே வந்திருக்காது.

---

கட்டம்நிரப்பி

நன்றி, தெளிந்தது. அதே தாளில் இன்னொன்று: 'ஆறெழுத்து ஆங்கிலச் சொல். குறியீடுகளின் அணு எண் கூடுதல் 168.' அவ்வளவுதான், வேறு குறிப்பே கிடையாது. எனக்கு வந்தது ஜீனியஸ்: ஜெர்மானியம் 32, நிக்கல் 28, யுரேனியம் 92, கந்தகம் 16. கூட்டினால் 168. விடைப்பக்கத்தில் பாய்சன் என்று போட்டிருக்கிறது. பாஸ்பரஸ் 15, ஆக்சிஜன் 8, அயோடின் 53, கந்தகம் 16, ஆக்சிஜன் 8, நைட்ரஜன் 7. கூட்டிப் பார்த்தால் 107தான் வருகிறது. விடை தப்பா?

---

பகாஎண்

விடை தப்பில்லை, உங்கள் உடைப்பு வேறு. முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்து பிஓ என்று பாருங்கள், பொலோனியம், 84. 84 + 53 + 16 + 8 + 7 = 168. (நஞ்சு என்ற சொல்லுக்குள் பொலோனியம் உட்கார்ந்திருப்பது பொருத்தம்தான்.)

ஜீனியஸும் சரி. இரண்டும் ஆறெழுத்து, இரண்டும் 168. புதிர்தான் ஓட்டை. கூட்டல் என்பது எளிதில் மோதிக்கொள்ளும். நான்கைந்து எண்ணைக் கூட்டி ஒரே விடைக்கு வர ஆயிரம் வழி. குறியீடு எத்தனை என்று சேர்த்துச் சொல்லியிருந்தால்கூட இங்கே பிரிந்திருக்கும்: ஜீனியஸுக்கு நான்கு, பாய்சனுக்கு ஐந்து.

கூட்டலை விடப் பெருக்கல் பலன் கொடுப்பது மேல். பகாக் காரணிகள் ஒவ்வொன்றும் ஒரு தடயம். ஜீனியஸ்: 32 × 28 × 92 × 16 = 13,18,912. இதைக் காரணிப்படுத்தினால் பதின்மூன்று 2கள், ஒரு 7, ஒரு 23. அந்த 23ஐப் பிடியுங்கள். 118 தனிமங்களில் 23ஆல் வகுபடும் அணு எண் ஐந்தே ஐந்து: வனேடியம் 23, பல்லேடியம் 46, தூலியம் 69, யுரேனியம் 92, மாஸ்கோவியம் 115. இதில் 3ஓ 5ஓ காரணியாக இல்லாததால் தூலியமும் மாஸ்கோவியமும் கழிந்தன. மூன்றில் ஒன்று என்று சுருங்கிவிட்டது. பாய்சன்: 84 × 53 × 16 × 8 × 7 = 39,88,992. இதில் 53 இருக்கிறது. 53இன் மடங்கு 118க்குள் இரண்டு, அயோடினும் சீபோர்கியமும் (106). எஸ்ஜி என்ற ஜோடி ஆங்கிலச் சொல்லில் அபூர்வம், ஆகவே அயோடின்.

61இலிருந்து மேலே உள்ள பகா எண் ஒன்று காரணியாக வந்தால் கொண்டாட்டம். அதன் இருமடங்கே 118ஐத் தாண்டிவிடும், அதனால் அது ஒரே தனிமத்தைத்தான் சுட்டும். 79 என்றால் தங்கம், 83 பிஸ்மத், 89 ஆக்டினியம், இப்படி. 59 மட்டும் எல்லையில் நிற்கிறது: பிரசியோடைமியம் 59, ஒகனெசான் 118.

கையைக் கடிக்கும் இடம் இரண்டு. ஹைட்ரஜனின் அணு எண் 1. அதனால் எத்தனை எச் இருந்தாலும் பெருக்கல் பலனில் தெரியாது. புதிர் போடுகிறவர் எழுத்து எண்ணிக்கையையும் கொடுத்தே ஆக வேண்டும். மற்றது, 84ஐ ஒரே பொலோனியமாகவும் படிக்கலாம், மெக்னீசியம் 12, நைட்ரஜன் 7 என்று இரண்டாகவும் படிக்கலாம். எனவே சின்னக் காரணிகளை (2, 3, 5, 7) கடைசியில் பங்கிடுங்கள், பெரியவற்றை முதலில் உட்கார வையுங்கள்.

---

ஆவர்த்தனம்

இலங்கைப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் சொற்களை மாத்திக் கொடுங்கோ. இங்க தனிமம் மூலகம், தொகுதி கூட்டம், தொடர் ஆவர்த்தனம், நிறை எண் திணிவெண், பகா எண் முதன்மை எண். குறியீடு மட்டும் ரெண்டு கரையிலும் ஒண்டுதான், அதனால விடை மாறாது.

நான் சொல்ல வந்தது வேற வகைக் குறிப்பு. அணுவெண்ணை நேரா மறைக்காமல் ஒரு சேர்வையின் (சேர்மத்தின்) மூலர்த்திணிவை, அதாவது ஒரு மூல் எத்தனை கிராம் எண்டதை, மறைப்பினம். 'ஒரு மூல் நீர் எத்தனை கிராம்' எண்டால் 18, விடை ஆர்கன். மெதேன் 16, கந்தகம். அமோனியா 17, குளோரின். காபனீரொட்சைட்டு (கார்பன் டை ஆக்சைடு) 44, ருதேனியம். கல்சியம் காபனேற்று 100, பேர்மியம். குளுக்கோசு 180, இது 118ஐத் தாண்டுது. அப்படித் தாண்டினால் 'பாதி', 'மூன்றிலொன்று' எண்டு இன்னொரு கணக்கு குறிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். பாதி 90, தோரியம்.

இதில குளோரின் வந்தால் கவனம். அதன் சார் அணுத்திணிவு 35.5. ஐதரசன் குளோரைட்டு 36.5, கறியுப்பு 58.5. ஒருத்தர் 58 எண்டு வெட்டி சீரியம் எண்பார், மற்றவர் 59 எண்டு மட்டந்தட்டி பிரசியோடைமியம் எண்பார். குளோரின் அணு ஒற்றைப்படையில இருக்கிற சேர்வையை இந்த வகைக் குறிப்புக்கு எடுக்கவே கூடாது.

மற்ற வகை, சமன்செய்த சமன்பாட்டின் குணகங்களைக் கூட்டுறது. புரொப்பேன் முழுமையாக எரியுறதை எடுங்கோ: புரொப்பேன் 1, ஒட்சிசன் 5, வலப்பக்கம் காபனீரொட்சைட்டு 3, நீர் 4. கூட்டினால் 13, அலுமினியம். பலர் 12 எண்டு மக்னீசியத்துக்குப் போவினம். ஏன்? அந்த 1 எழுதப்படுறதில்லை, கண்ணில படாது. பியூற்றேன்: 2, 13, பிறகு 8, 10. கூட்டினால் 33, ஆசனிக். இங்க வேற பிழை வரும். ஒரு பியூற்றேனுக்குச் சமன்செய்தால் ஒட்சிசன் ஆறரை, மொத்தம் பதினாறரை. பின்ன எண்ணில நிண்டு முழிப்பினம். மிகச்சிறிய முழு எண்களாக்கிய பிறகுதான் கூட்ட வேணும்.

இந்த ரெண்டையும் பக்கத்தில வையுங்கோ: ஏஎல்-ஏஎஸ். அலாஸ், அதாவது 'ஐயோ'. எரிவாயு ரெண்டும் எரிஞ்சு முடிஞ்ச பிறகு சொல்லவேண்டிய சொல்தான்.

---

நிரல்விரல்

இவ்வளவு பாடு எதுக்கு? 118 குறியீட்டையும் ஒரு பட்டியல்ல போட்டு, அகராதிச் சொல் கோப்பை எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் முதல் ஒன்று அல்லது இரண்டு எழுத்தை வெட்டி மீதியைத் திரும்ப அதே வேலைக்கு அனுப்பினா முப்பது வரியில முடிஞ்சிடும். கூடுதல், பெருக்கல் ரெண்டையும் அதிலயே வடிகட்டலாம்.

---

வெள்ளைப்பலகை

முடியும். ஆனால் உங்கள் பட்டியல் எந்த வருடத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 113, 115, 117, 118 நான்குக்கும் நிரந்தரப் பெயர் 2016இல்தான் வந்தது. ஃப்ளெரோவியம் 114, லிவர்மோரியம் 116 இரண்டும் 2012. அதற்கு முந்தின பட்டியல்களில் இந்த இடங்களில் மூன்றெழுத்துத் தற்காலிகக் குறியீடு இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் இல்லாத சொல்லெல்லாம் வரும், இருக்கும் சொல் சில விட்டுப்போகும். சொல்லை முழுக்கப் பெரிய எழுத்தில் மாற்றிவிட்டு ஒப்பிட்டால் உடைப்பு அழிந்துவிடும் என்பதும் உண்டு: சிஓ என்பது கோபால்ட் 27ஆ, கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த 14ஆ என்று பிறகு தெரியாது.

கையால் போடுகிறவர்களுக்கு, நிரலை விட வேகமாகக் கழித்துக்கட்ட சில விதிகள்.

தனியெழுத்துக் குறியீடு 14 மட்டுமே: எச், பி (போரான்), சி, என், ஓ, எஃப், பி (பாஸ்பரஸ்), எஸ், கே, வி, ஒய், ஐ, டபிள்யூ, யு. மீதி 12 எழுத்துக்கும் துணை வேண்டும். அதிலும் ஜே, க்யூ இரண்டும் அட்டவணையில் எங்குமே இல்லை. விடைச்சொல்லில் அவை இருக்க முடியாது.

உயிரெழுத்துகளில் ஐ, ஓ, யு மூன்றும் தனியே நிற்கும், தொல்லை இல்லை. தொல்லை ஏ, இ. 'இ' வரும் குறியீடு 13தான். முதலெழுத்தாக யூரோப்பியம் 63, எர்பியம் 68, ஐன்ஸ்டீனியம் 99. இரண்டாம் எழுத்தாக ஹீலியம் 2, பெரிலியம் 4, நியான் 10, இரும்பு 26, ஜெர்மானியம் 32, செலினியம் 34, டெலூரியம் 52, செனான் 54, சீரியம் 58, ரீனியம் 75. 'ஏ' வருவது 16. முதலெழுத்தாக அலுமினியம் 13, ஆர்கான் 18, ஆர்செனிக் 33, வெள்ளி 47, தங்கம் 79, அஸ்டட்டைன் 85, ஆக்டினியம் 89, அமெரிசியம் 95. இரண்டாம் எழுத்தாக சோடியம் 11, கால்சியம் 20, காலியம் 31, பேரியம் 56, லாந்தனம் 57, டான்டலம் 73, ரேடியம் 88, புரோட்டாக்டினியம் 91. தாளின் ஓரத்தில் இந்த இரண்டு பட்டியலையும் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

சொல்லின் வாலைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'இங்' என்று முடியும் எந்தச் சொல்லும் வராது, ஏனென்றால் ஜி தனியாக நிற்காது, என்ஜி என்று தனிமமும் இல்லை. இறந்தகாலத்துக்கு ஒட்டும் 'இ, டி' வாலும் வராது. 'ஷன்' வால் வரும்: டைட்டானியம், ஆக்சிஜன், நைட்ரஜன், 37. 'லி' என்று ஒலிக்கும் எல்-ஒய் வாலுக்கு ஒரு நிபந்தனை. எல்லைத் தாங்க முன்னால் ஏ, சி, எஃப், டி நான்கில் ஒன்று இருக்க வேண்டும் (அலுமினியம், குளோரின், ஃப்ளெரோவியம், தாலியம்). எல் இரட்டித்து ஒய் வந்தால் ஒருபோதும் நடக்காது.

இந்த விதிகளை வைத்தே பாருங்கள், கெமிஸ்ட்ரி என்ற சொல்லைத் தனிமங்களால் எழுத முடியாது. எம் தனியாக இல்லை, இஎம்மும் எம்ஐயும் இல்லை. மேத்ஸ் முதல் எழுத்திலேயே விழுந்துவிடும். இரண்டு பாடமும் சேர்ந்து போடும் புதிரில் அந்த இரண்டுக்குமே இடமில்லை, பக்கத்து வீட்டு பிசிக்ஸுக்கு மட்டும் நான்கு வழி!

---

கட்டம்நிரப்பி

தாளின் கடைசிப் புதிர்: 16, 8, 25, 19, 9, 3, 19. விளக்கம் எதுவும் கிடையாது. தனிமமாகப் போட்டால் கந்தகம், ஆக்சிஜன், மாங்கனீசு, பொட்டாசியம், ஃப்ளூரின், லித்தியம், பொட்டாசியம். உளறல்.

---

பகாஎண்

இது தனிமமே இல்லை. எல்லா எண்ணும் 26க்குள் இருந்தால் முதலில் ஆங்கில எழுத்து வரிசை எண்ணாகப் போட்டுப் பாருங்கள்: 16 பி, 8 எச், 25 ஒய், 19 எஸ், 9 ஐ, 3 சி, 19 எஸ். மறுபடி பிசிக்ஸ். உங்களைத் தனிமப் பழக்கத்தில் ஊற வைத்துவிட்டுக் கடைசியில் காலை வாரியிருக்கிறார்கள். 26ஐத் தாண்டி ஒரே ஒரு எண் இருந்தாலும் எழுத்து வரிசை கழிந்தது, தனிமம்தான்.

போகிற போக்கில் ஒன்று போட்டுப் பாருங்கள். மூன்று குறியீடு, ஐந்து எழுத்து, பெருக்கல் பலன் 84,550.

---

கட்டம்நிரப்பி

84,550 = 2 × 5 × 5 × 19 × 89. 89 ஆக்டினியம், வேறு வழியே இல்லை, இரண்டு எழுத்து. மிச்சம் 950ஐ 118க்குள் அடங்கும் இரண்டு எண்ணாகப் பிரிக்க மூன்று வழி: 10 × 95, 25 × 38, 19 × 50. மொத்தம் ஐந்தெழுத்து என்பதால் ஒன்று தனியெழுத்தாக இருந்தாக வேண்டும். நியான், அமெரிசியம், மாங்கனீசு, ஸ்ட்ரான்ஷியம் எல்லாம் இரண்டெழுத்து. ஆக 19 பொட்டாசியம் கே, 50 வெள்ளீயம் எஸ்என். ஆங்கிலப் பெயரைப் பார்த்து வெள்ளீயத்துக்கு 'டிஐ' என்று எழுதப் போனேன், அது டைட்டானியம்.

எஸ்என்-ஏசி-கே. ஸ்நாக்!

---

பகாஎண்

அதேதான். இதையே சோடியம் நடுவில் வருகிற மாதிரி நான்கு குறியீடாகவும் உடைக்கலாம், அப்போது பலன் 20,064. வடை ஆறுவதற்குள் சரிபார்த்துவிடுங்கள்.